மைக் தின்ற ‘ங்க’

ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வாயில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், கையில் டார்ச்; சபையின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேசை விரிப்பு தரைக்கு ஒரு சாண் மேலே வரை தொங்கியது. அதற்கு அடியில் ஓர் ஆள் கிடப்பது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. கறுப்பு ஷூ எங்கள் கிறிஸ்தவ சபையின் ஆயருடையது. நீலப் பட்டை வைத்த செருப்பு பொன்மணி அக்காவுடையது.

“ஆயரய்யா, எனக்கு சபை மாறுதல் கடுதாசி எழுதிக் குடுத்துருங்க. கருமத்தம்பட்டியில எங்கண்ணன் போற சபைக்கே நானும் போயிக்கறேனுங்க.”

ஸ்க்ரூடிரைவரை இறுகக் கடித்துக்கொண்டேன்.

பொன்மணி அக்கா பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் சபைப் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவு சூப்பர்வைசர். முப்பது மெஷின் ஓடுகிற சத்தத்தில் நூல் அறுந்ததைக் காதாலேயே கண்டுபிடிப்பார் என்று சொல்வார்கள். பாட்டில் ஒரு சுருதி பிசகினால் விடுவாரா? அவர் போய்விட்டால் பாட்டுக் குழு என்று ஒன்று இருக்காது.

“இன்னும் அந்த ‘உக்காரு’தானுங்களா?” என்றார் ஆயர் மெதுவாக.

“ஆமாங்க.”

“ரெண்டு வருசம் ஆச்சுங்களே. ஒத்தை வார்த்தைக்கா?”

நீலப் பட்டைச் செருப்பு ஓர் அடி முன்னால் வந்தது.

“எங்கப்பன் வெள்ளகோவில் பக்கம் பண்ணையத்துல கூலி ஆளா இருந்தாருங்க. நாப்பது வயசு வரைக்கும் ஊருக்குள்ள ஒருத்தர் வாயில இருந்தும் அவருக்கு ‘ங்க’ வந்ததில்லை. பத்து வயசுப் பையன்கூட ‘வாடா, போடா’ம்பான். ஒரு நாள் ஒரு சின்ன சபை வாசல்ல மழைக்கு ஒதுங்கி நின்னாராம். உள்ள இருந்து யாரோ ‘நனையறீங்களே, உள்ள வாங்க’ன்னாங்களாம். தனக்குப் பின்னாடி யாரோ நிக்கறாங்கன்னு திரும்பிப் பாத்தாராம். அந்த ஒரு ‘வாங்க’வுக்குத்தானுங்க நாங்க குடும்பமே இங்க வந்தது. அதை இங்கயே புடுங்கிக்கிட்டா நான் எங்கீங்க போறது?”

கறுப்பு ஷூ ஓர் அடி பின்னால் நகர்ந்தது. பிறகு, “எழுதி வைக்கறேனுங்க. வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வாங்கிக்குங்க” என்றார். அவர் குரல் உள்ளே போயிருந்தது.

கால்கள் போய்விட்டன. வேகமாக எழுந்ததில் மேசைச் சட்டத்தில் தலையை மோதிக்கொண்டேன். வலி அப்போது உறைக்கவில்லை. ஏழு நாள் இருக்கிறது. இது பழுது. பழுது என்றால் கண்டுபிடித்துவிடலாம். என் மனம் அப்படித்தான் ஓடியது.

டைல்ஸ் போடறீங்களா?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியது பம்ப் டெஸ்டிங்கில் என் முதல் வேலை நாளைப் பற்றி. அதைப் படித்த ஒரு வாசகி, “மோட்டாரை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றி எழுதக்கூடாதா?” என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம். ஆனாலும் ஒரு மைக் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்த மாதத்தில் எங்கள் சபை வாசலில் ஒரு பேனர் தொங்கியது. ‘புதுப்பிக்கப்படும் சபை’ என்று பெரிய எழுத்தில். ஆயர் தொடர்ந்து ஆறு வாரம் கொடுத்த பிரசங்கத்தின் தலைப்பு அது. ஊரில் யாரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. எதிரே இருந்த ஹார்டுவேர் கடைக்காரர் முதல் நாளே உள்ளே வந்துவிட்டார்.

“ஏனுங்க, டைல்ஸ் போடறீங்களாமா? நம்ம கடையிலயே எடுத்துக்கோங்க, பாத்துப் போட்டுத் தாரேன்.”

ஆயர் சிரித்துவிட்டு அடுத்த பிரசங்கத்தில் இதையே எடுத்துக்கொண்டார். “கட்டடத்தைப் புதுப்பிக்கறதுன்னா டைல்ஸ்காரரைக் கூப்பிடலாமுங்க. சபையைப் புதுப்பிக்கறதுன்னா யாரைக் கூப்பிடறது?”

அந்த ஆறு வாரத்தில் முதல் ஐந்தையும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நான் எதையும் வரிசை எண் போட்டு எழுதுகிறவள். சனிக்கிழமை துணி துவைப்பதற்குக்கூட என்னிடம் பட்டியல் உண்டு. அந்த நோட்டில் மூன்றாம் வாரத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறது. அன்று அவர் சொன்னதன் சாரம் இது:

பழைய மனுஷனைக் களைந்துவிட்டுப் புது மனுஷனை அணிந்துகொள்ளுங்கள் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். ஏதோ ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டை மாற்றுவது போல நினைத்துக்கொள்கிறோம். அப்படித் தனியாக யாரும் புது மனுஷன் ஆக முடியாது. பொய்யை விடு என்றால், உண்மையைச் சொல்ல எதிரே ஒருத்தர் வேண்டும். கோபத்தை விடு என்றால், கோபித்துக்கொண்ட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மன்னிப்பதற்கு நமக்குத் தப்புச் செய்தவர் வேண்டும். புது மனுஷன் என்பது ஓர் ஆள் அல்ல. இந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் சேர்ந்துதான் அந்த ஆள்.

அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் கம்பெனியில் ஒரு பம்பை ஓட்டிப் பார்க்காமல் நல்ல பம்ப் என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீரில் இறக்க வேண்டும். லோடு கொடுக்க வேண்டும். சபை என்பது எங்களையெல்லாம் இறக்கி ஓட்டிப் பார்க்கிற தொட்டி!

இதை ஆயரிடம் சொன்னேன். “தொட்டின்னு வெளிய சொல்லீராத கண்ணு” என்றார்.

எங்கள் ஊர் ஒட்டு

வெளியூர் வாசகர்களுக்கு ‘ங்க’வின் கனம் புரியாமல் போகலாம். எங்கள் பக்கம் அது மூச்சு மாதிரி. என் அப்பா வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட “எந்திரிச்சு அக்கட்டால போங்க சாமி” என்பார். நான் சென்னையில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் விடுதித் தோழிகள் என்னை ‘ங்க ஜெனி’ என்றே கூப்பிட்டார்கள். சண்டை போடும்போதும் எனக்கு அது விடாது. “என் பக்கெட்டை எதுக்குங்க எடுத்தீங்க?” என்று கத்தினால் எதிரி சிரித்துவிடுவாள்.

எல்லாருக்கும் தாராளமாகக் கிடைக்கிற ஒன்று ஒருத்தருக்கு மட்டும் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்? மேசைக்கு அடியில் படுத்துக் கேட்கும் வரை நான் அதை யோசித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். அப்போது நான் சென்னையில் இருந்தேன். சபைப் பொதுக்கூட்டத்தில் பாட்டுப் பயிற்சி நேரத்தைப் பற்றி ஏதோ கேட்க பொன்மணி அக்கா எழுந்திருக்கிறார். மேடையில் இருந்த செயலாளர் செல்வராஜ் அண்ணன் மைக்கில் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது: “பொன்மணி, உக்காரு.”

அவருக்கு லேத் பட்டறை. சபைக்கு ஓடி ஓடி உழைக்கிறவர். கூட்டம் முடிவதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: “நான் ‘உக்காருங்க’ன்னுதான் சொன்னேன். மைக்குத் தின்னுபோட்டுது.”

அந்த மைக்கும் அப்படிப்பட்டதுதான். ஆயரின் பிரசங்கத்தில் பாதியைத் தின்றிருக்கிறது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சம்மதத்தையே தின்றுவிட்டதால், அவர் மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்புவதாகக் காட்டிக்கொண்டார்கள். பொன்மணி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரும் செல்வராஜ் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை.

ஏப்பம் விடாத மைக்

மைக்தான் குற்றவாளி என்று நிரூபித்துவிட்டால் இரண்டு பேருமே தப்பித்துவிடுவார்கள். இதுதான் என் திட்டம். திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து நேராகச் சபைக்குப் போய் பழைய சாமான் பெட்டியிலிருந்து அந்த மைக்கைத் தேடி எடுத்தேன். கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு ஒயரை ஒட்டியிருந்த சால்டர் ஈயம் விட்டுப்போய் மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்தது. துள்ளிக் குதிக்கத் தோன்றியது. யாரும் இல்லை என்பதால் ஒரு முறை குதித்தேன்.

இனி ஒலிப்பதிவு. எங்கள் மிக்சரில் பென் டிரைவ் செருகி எல்லாக் கூட்டத்தையும் பதிவு செய்துவைப்பது வழக்கம். அந்தப் பொதுக்கூட்டமும் இருந்தது.

விட்டு விட்டு வேலை செய்கிற மைக் ஒரு சொல்லை விழுங்கினால் சும்மா விழுங்காது. ‘டப்’ என்று ஒரு சத்தம் விடும். ஏப்பம் மாதிரி. கூட்டம் முழுக்க அந்த ஏப்பம் பதினேழு இடத்தில் இருந்தது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தேன்.

“பொன்மணி, உக்காரு. அப்பறம் பேசலாம்.”

ஏப்பம் இல்லை. ‘உக்காரு’வின் கடைசி ‘ரு’ முழுசாக, உருண்டையாக விழுந்தது. அதன் பிறகு அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கம்ப்யூட்டரில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கும் வெட்டு இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். மைக் பதினேழு சொல்லைத் தின்றிருக்கிறது. இந்தச் சொல்லைத் தொடவில்லை.

என் வாழ்க்கையில் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை அழித்துவிடலாமா என்று யோசித்தது அன்று ஒரு தரம்தான்.

லேத் பட்டறையில்

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செல்வராஜ் அண்ணனின் பட்டறைக்குப் போனேன்.

“வா அம்மணி, வா. என்ன, சபையில ஸ்பீக்கர் போச்சா?”

“இல்லீங்ணா. ஒண்ணு கேக்கோணும். கையைத் துடைச்சுக்கோங்க.”

ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டார். முகம் மாறவில்லை. விரலை உயர்த்தி இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி லேத் மேல் வைத்தார்.

“மைக்கு இல்லையா?”

“இல்லீங்ணா.”

“உனக்கு முன்னாலயே எனக்குத் தெரியும் அம்மணி. சொன்ன நிமிசமே தெரியும்.” கையிலிருந்த கழிவுப் பஞ்சைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அன்னைக்கு நம்ம சபை டாக்டரம்மா எந்திரிச்சிருந்தா ‘உக்காரு’ன்னு சொல்லியிருப்பனா? வாய்க்குத் தெரியுது பாரு, யாருக்கு ‘ங்க’ போடோணும், யாருக்குப் போட வேண்டாம்னு. அதை நான் சொல்லிக் குடுக்கலை. பொறந்ததுல இருந்து அதுவே படிச்சு வச்சிருக்குது.”

ஆயர் சொன்ன பழைய மனுஷன் எண்ணெய்க் கறையோடு எதிரே உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துவிட்ட ஆளும் அவரேதான்.

“ரெண்டு வருசமா ஒரு மைக்கு மேல பழி போட்டுப்போட்டேன்” என்றார். பிறகு எழுந்து, “அவிங்க ஊட்டுக்குப் போகோணும். நீயும் கூட வாரியா? எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குது” என்றார்.

ஐம்பது வயது ஆள் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. சால்டர் பார்த்துக் குதித்த சந்தோஷம் இதன் கிட்டேகூட வராது.

வியாழக்கிழமை

“வாங்க. உக்காருங்க. காப்பி குடிக்கறீங்களாங்க?” பொன்மணி அக்கா ஒவ்வொரு ‘ங்க’வையும் கல் மாதிரி எடுத்து வைத்தார்.

செல்வராஜ் அண்ணன் உட்காரவில்லை. “மைக்கு மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தானுங்க சொன்னேன். அப்பறம் பொய்யும் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க.”

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “பதிவு வச்சிருக்கியா கண்ணு? போடு. நானும் கேக்கறேன்.”

போனில் போட்டேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலிருந்தே வெட்டி வைத்திருந்தேன். நாற்காலி இழுபடுகிற சத்தம். யாரோ இருமினார்கள். அப்புறம் மைக்குக்கு மிக அருகில் ஒரு பெண் குரல்: “ஏய் ராசாத்தி, அந்த டம்ளரை எல்லாம் எடு. எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

அதைத் தாண்டி ஜெபம், அறிக்கை, பிறகு அந்த ‘உக்காரு’. நான் நிறுத்தினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

“முன்னாடி போ. ஆரம்பத்துக்கு.”

“அந்த இடம் இதுதானுங்க்கா.”

“அது இல்ல கண்ணு. டம்ளர்னு ஒருத்தி கத்தறாளே, அது.”

திரும்பப் போட்டேன். போன் சின்னது. குரல் பெரிதாகக் கேட்டது.

“அது யாரு?” என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

அது அக்காவின் குரலேதான். ராசாத்தி எங்கள் சபையைக் கூட்டிப் பெருக்கி, டம்ளர் கழுவி, மணி அடிக்கிறவர். ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறார். அவரும் சபையில் சேர்ந்தவர்தான். ஆராதனையில் கடைசி ஜன்னலுக்குக் கீழே உட்காருவார்.

“ராசாத்திக்கு என்ன வயசு இருக்கும்?” என்றார் அக்கா.

“நம்மளைவிட மூத்தவங்கதானுங்க” என்றார் செல்வராஜ் அண்ணன்.

எனக்கு முகம் சுட்டது. அந்தப் பதிவை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஹெட்போனில், அலையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஏப்பத்தையும் எண்ணி. அந்தக் குரல் என் காதில் விழவே இல்லை. விழாததற்குக் காரணமும் தெரிந்தது. நானும் அவரை “ராசாத்தி, இந்த ஒயரைப் புடி” என்றுதான் சொல்வேன். எனக்கு இருபத்தாறு வயது.

அக்கா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமை பாக்கலாமுங்க. கடுதாசி வாங்கறக்கு நான் வரோணுமில்ல” என்றார்.

ஞாயிறு

அன்று ஆராதனையில் ஆறாவது பிரசங்கம். ஒரு வரிகூட என் நோட்டில் இல்லை. நான் பொன்மணி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பாடினார். வழக்கம் போலவே. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

பாட்டுக் குழுவும் இன்னும் சிலரும் தவிரக் கூட்டம் கலைந்தது. ஆயர் வெள்ளை உறையோடு வந்து நின்றார். செல்வராஜ் அண்ணன் போவதா நிற்பதா என்று தெரியாமல் தூணோரம் நின்றார். ராசாத்தி பெஞ்சுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு வந்தார்.

பொன்மணி அக்கா உறையின் பக்கம் போகவில்லை. நேரே நடு வழியில் நடந்தார்.

“ராசாத்தியக்கா, கொஞ்சம் இங்க வாங்க.”

ராசாத்தி விறைத்துப் போனார். துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“என்னங்கம்மா? நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்? வேலையை விட்டு நிறுத்தறீங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க.”

“பின்ன என்னத்துக்குங்க இப்படிக் கூப்புடறீங்க? எனக்குக் கைகால் ஆடுதுங்க.”

பொன்மணி அக்கா அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னார். மைக் இல்லாமல். தனக்கு ஒரு ‘ங்க’ போனதென்று இரண்டு வருஷம் அழுததையும், ஒன்பது வருஷமாகத் தான் ஒருமுறைகூட அதை ராசாத்திக்குக் கொடுக்காததையும். “தப்புங்க. மன்னிச்சுக்கோங்க” என்று முடித்தார்.

ராசாத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பயம் போயிருந்தது.

“இவ்வளவு தானுங்களா? நான்கூட என்னமோன்னு நெனச்சேன்.” துடைப்பத்தைப் பெஞ்சில் சாய்த்தார். “எனக்கும் ஒண்ணு ரொம்ப நாளா மனசுல கெடக்குது. நீங்க சொன்னதுனால சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாதுங்க.”

“சொல்லுங்க.”

“போன அறுப்பின் பண்டிகைக்குப் பாடுனீங்கல்ல, அந்தக் கீர்த்தனை. ரெண்டாஞ் சரணத்துல நீங்க எல்லாரும் சுருதி கீழ எறங்கிப்போட்டீங்க. கூட்டறவ அதையெல்லாம் சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டேன்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பொன்மணி அக்கா சிரிக்கவில்லை. மில்லில் நூல் அறுந்த சத்தம் கேட்ட மாதிரி தலையைச் சாய்த்தார்.

“எந்த எடத்துல எறங்குனோம்?”

ராசாத்தி பாடிக் காட்டினார். முதலில் எங்கள் பாட்டுக் குழு பாடிய மாதிரி, தொய்வாக. பிறகு இருக்க வேண்டிய மாதிரி. ஒன்பது வருஷம் சனிக்கிழமைப் பயிற்சி நேரத்தில் கூட்டிக்கொண்டே பாட்டைக் கேட்டுப் பழகிய குரல். அது காலி பெஞ்சுகளுக்கு மேலே நேராக எழுந்து நின்றது. எனக்கு மைக்கை எடுத்துப் பிடிக்கத் தோன்றியது. தேவைப்படவில்லை.

“சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி” என்றார் பொன்மணி அக்கா. “முன் வரிசையில வந்து நில்லுங்க.”

“நாலு மணிக்கு நான் கூட்டோணுமுங்களே.”

“தொடப்பத்தைச் செல்வராஜண்ணன்கிட்டக் குடுத்துட்டு வாங்க. அவரு பாத்துக்குவாரு. இல்லீங்ளாண்ணா?”

இரண்டு வருஷத்தில் அவர் செல்வராஜ் அண்ணனிடம் ‘அண்ணா’ போட்டுக் கேட்ட முதல் கேள்வி அது. அண்ணன் தூணை விட்டு வந்து தலையை வேகமாக ஆட்டினார்.

ஆயர் உறையை நீட்டுவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தியிருந்தார். “அப்ப இதுங்க, அம்மணி?”

பொன்மணி அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது கெடக்குதுங்க ஆயரய்யா. ரெண்டாஞ் சரணத்தைச் சரி பண்ணாம நான் எங்கீங்க போறது?”